கைறுன்னிஸாவின் பசி

வியாழக்கிழமை மாலைகளில் மஃரிப் தொழுகை முடிந்ததும் முத்தலிப் ஹாஜியார் மாடிப்படி ஏறி வருவார். கீழே அவருடைய கடை. மிளகும் கராம்பும் சாதிக்காயும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் அந்த நீளக் கடைக்கு மேலேதான் நோபர்ட்டின் ஆய்வுகூடம். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நோயாளி தூங்கும் அறைக்குள் நுழைகிறவரைப் போல அடிமேல் அடி வைத்து வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

"எப்பிடி ஈக்கா?"

"நல்லா இருக்காங்க ஹாஜியார்."

"சாப்பிட்டாளா?"

நோபர்ட் பெட்டியின் கதவைத் திறப்பான். எப்போதும் உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டி அது. வெதுவெதுப்பான காற்று முகத்தில் படும். உள்ளே படுத்த வாக்கில் வைத்திருக்கும் சின்னக் குடுவைகளில் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடிப்பான். சிவப்பாக ஊற்றிய திரவம் மஞ்சளுக்குத் திரும்பியிருந்தால் ஹாஜியாரின் முகம் தெளியும்.

"அல்ஹம்துலில்லாஹ். இண்டைக்கு நல்லாச் சாப்பிட்டீக்கா."

குடுவையில் இருந்தது அவருடைய மனைவி கைறுன்னிஸாவின் தோல். கைறுன்னிஸா மவுத்தாகி, மாத்தளை மையவாடியில் அடக்கம் செய்து, கபுறின் மேல் நட்ட செடி வேர் பிடித்துத் தழைத்தும்விட்டது.

தொடக்கத்தில் இது ஒரு புண்ணின் கதைதான். கைறுன்னிஸாவுக்கு நீரிழிவு. செருப்பு கடித்த இடம் புண்ணாகிப் பாதம் முழுக்கப் பரவியது. எந்த மருந்துக்கும் மூடவில்லை. ஹாஜியார் கொழும்பு வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். போன இடமெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்டியில் பார்த்த டொக்டர் டொறீன் மட்டும், "ஏன் ஆறமாட்டேங்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். "வயசான தோல் காயத்த மூட மறந்துருது. ஏன் மறக்குதுன்னு இன்னும் ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது."

தெரியாது என்று சொன்ன ஒரே ஆளை ஹாஜியார் நம்பினார். "அப்ப தேடுங்க. தேடுறதுக்கு வேண்டியத நான் தாறன். ஆனா வேல மாத்தளையில நடக்கணும். செய்யிற புள்ளயும் மாத்தளப் புள்ளயா ஈக்கணும்" என்றார். கடையின் மேல்மாடியைக் காலி செய்து, பெட்டியும் நுணுக்குக்காட்டியும் ஜெனரேட்டரும் வாங்கிப் போட்டார். ஆளைத் தேர்ந்தெடுத்து வழிகாட்டும் பொறுப்பு டொறீனுடையது.

டொறீன் தேர்ந்தெடுத்த ஆள்தான் நோபர்ட். எல்கடுவைப் பக்கத் தோட்டத்தில் பிறந்து, விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவன். "உன்னைய நான் ஏன் எடுக்கணும்?" என்று டொறீன் கேட்டபோது, தன்னை எடுக்கக்கூடாததற்கான காரணங்களை ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். டொறீன் விழுந்து விழுந்து சிரித்தார். "தனக்கே எதிர்க்கட்சியா நின்னு பேசின மொத ஆளு நீதான்பா. உன்னையத்தான் எடுக்கணும்."

கைறுன்னிஸாவின் தொடையிலிருந்து தோல் எடுத்துப் பாதத்தில் ஒட்டியபோது, அதில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தந்ததும் கைறுன்னிஸாவேதான். "எனக்கு ஆறாட்டியும் வேற ஆருக்காச்சும் ஆறட்டும்" என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாராம். அந்த அம்மாவை நோபர்ட் நேரில் பார்த்ததேயில்லை. தோலிலிருந்து பிரித்த கலங்களை, கண்ணுக்குத் தெரியாத அந்த உயிரணுக்களை, குடுவையில் வளர்த்தான். குடுவை நிறைந்ததும் அவற்றைப் பிரித்து வேறு குடுவைகளுக்கு மாற்றினான். கலங்களின் படலத்தில் மெல்லிய முனையால் ஒரு கோடு கிழித்துவிட்டு, இரு கரையிலிருந்தும் கலங்கள் நகர்ந்து வந்து அந்தக் கோட்டை மூடுவதைக் கவனித்தான். அதுதான் ஆராய்ச்சி. காயம் போடுவது, ஆறுகிறதா என்று பார்ப்பது.

கைறுன்னிஸா இறந்து நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கிழமை, ஹாஜியார் முதல் தடவையாக மேலே வந்தார். "அவட தோலுக்கு இனி என்ன நடக்கும் மகன்?" என்று கேட்டார். அவருடைய கண்களைப் பார்க்க முடியாமல் நோபர்ட், "ஒண்ணும் ஆகாது ஹாஜியார். அது உசுரோடதான் இருக்கு. நாளுவிட்டு நாள் நான் சாப்பாடு குடுக்கிறேன்" என்றான். மஞ்சள் நிறத்தையும் காட்டி விளக்கினான். ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னதுதான். அடுத்த வியாழக்கிழமை அவர் மறுபடி வந்தார். பிறகு ஒரு வியாழக்கிழமையும் தவறவில்லை.

அந்த வருடம் நோன்பு செப்டெம்பர் மாதத்தில் பிடித்தது. தலைநோன்புக்கு முந்திய மாலை ஹாஜியார் வந்து கதவைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வரவில்லை.

"மகன், ஒரு விஷயம். நாளையில இருந்து பகல்ல அவளுக்குச் சாப்பாடு வைக்காதீங்க. ஆயுசுல ஒரு நோன்பு விட்டவ இல்ல அவ. டொக்டர்மார் ஏசினாலும் ஒளிச்சுப் புடிப்பா."

திரவத்தைக் காலையில் மாற்றினால் என்ன, பொழுதுபட மாற்றினால் என்ன என்று நோபர்ட் நினைத்தான். மறுநாளிலிருந்து பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்ட பிறகே குடுவைகளை எடுத்தான். சில நாட்களில் தானும் பகலில் அந்த அறையில் வைத்துச் சாப்பிடாமல் இருப்பதைக் கவனித்தான். சாப்பாட்டுப் பொதியைக் கீழே கொண்டுபோய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவசரமாக விழுங்கிவிட்டு வந்தான். மேலே பசியோடு ஒருவர் காத்திருக்கும்போது வேறெப்படிச் சாப்பிடுவது? இப்படி நினைத்துவிட்டுத்தான் திடுக்கிட்டான்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பெட்டியைத் திறப்பதற்கு முன் விரலால் மெல்லத் தட்டும் பழக்கம் வந்தது. கோடு கிழிக்கும்போது கை தயங்கியது. "மன்னிச்சிருங்கம்மா" என்று வாய் தானாக முணுமுணுத்தது. பெட்டியின் காற்றாடி ஓடும் சத்தத்துக்குள் யாரோ மூச்சை இழுத்து விடுவதுபோல் ஒரு தடுமாற்றம் கேட்டது. காற்றாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். தடுமாற்றம் நின்றது. நின்ற பிறகு அறை அதைவிடப் பயமாக இருந்தது.

எல்லாவற்றையும்விடக் காயங்கள்தான் அவனை அலைக்கழித்தன. ஆரம்பத்தில் கிழித்த கோடுகள் ஒரே நாளில் மூடிக்கொண்டன. பிறகு மெதுவாக மூடின. இப்போது கிழித்தவை கிழித்தபடியே கிடந்தன. கரையோரத்துக் கலங்கள் பருத்துத் தட்டையாகி, பொரித்த முட்டையைப் போலப் பரந்து, ஒரு அடியும் நகராமல் வெறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பாதத்தில் மூடாமல் கிடந்த புண் குடுவைக்குள் திரும்பி வந்திருந்தது.

சனிக்கிழமைகளில் டொறீன் வருவார். நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, வரைபுகளை மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"நோபர்ட், இங்க வா. செப்டெம்பர்ல இருந்து இந்தக் கோடு ஏன் இப்பிடி வளையுது? புதுசா என்ன செஞ்சே?"

சொன்னான். டொறீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"கலங்களுக்கு நோன்பு புடிக்க வச்சியா நீ?"

"நேரத்த மட்டும்தான் மாத்தினேன் மெடம்."

"பெருநாளைக்கு வட்டிலப்பம் குடுத்தியா?"

நோபர்ட் தலையைக் குனிந்துகொண்டான். டொறீனின் சிரிப்பும் பாதியில் நின்றது.

"நான் உனக்கு முதல் நாள் சொன்ன பாடம் என்ன? ஒரு சமயத்துல ஒண்ணத்தான் மாத்தணும், மாத்தினத உடனே எழுதணும். நீ ரெண்ட மாத்திட்டு ஒண்ணயும் எழுதல்ல."

"ரெண்டா மெடம்?"

"சாப்பாட்டு நேரம் ஒண்ணு. அந்த மனுசனோட மனசு ஒண்ணு."

பிறகு நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் பார்த்தார். இதுகள் கிழடாகிவிட்டன என்றார். "இனி பெருகாது. ஆனா சாகவும் மாட்டாது. சும்மா இருந்துகிட்டு ஏதோ கசியவிடும். பக்கத்துல இருக்கிறதையும் ஆற விடாது. அந்தக் கசிவத்தான் நாம சேர்த்து வச்சிருக்கோம். இனிமே உறைய வச்ச ரெண்டு குப்பியையும் எடு. அது அந்தம்மா உசுரோட இருக்கும்போது எடுத்து வச்சது, இளசு. இந்தக் கசிவு அதுகள என்ன செய்யுதுன்னு பார்த்தா உன் ஆராய்ச்சி முடிஞ்சிரும். அது இல்லாட்டி இவ்வளவு நாள் வேலையும் ஆத்துல கரைச்ச புளிதான்."

அந்தக் குப்பிகள் மூலையில் நின்ற திரவ நைதரசன் கலனுக்குள் இருந்தன. யுத்தம் நடந்த காலம். கலனை நிரப்ப நோபர்ட் கண்டிக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் சோதனைச் சாவடியில் வேனை நிறுத்துவார்கள். அடையாள அட்டையைப் பார்த்துத் தமிழன் என்று தெரிந்ததும் மூடியைத் திறக்கச் சொல்வார்கள். திறந்ததும் வெண்புகை வழிந்து காலடியில் பரவும். ஒருமுறை ஒரு சிப்பாய் துப்பாக்கியை நீட்டியபடியே பின்வாங்கினான். "குளிர்தான் ஐயா, வெறும் குளிர்" என்று சிங்களத்தில் கெஞ்சி மீண்டு வந்தான் நோபர்ட்.

"குப்பியப் பத்தி ஹாஜியாருக்குத் தெரியுமா?" என்று டொறீன் கேட்டார்.

"இல்ல மெடம். அவர் கேக்கல்ல."

"கேட்டா மறைக்காத. கேக்காட்டி நீயாப் போய்ச் சொல்லி அந்த மனுசன இன்னும் குழப்பாத. ஆனா இந்தக் குடுவையப் பத்தி நீதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன். ஊட்டினவன் நீ."

அவன் சொல்வதற்கு முன்பே மஸீஹா வந்துவிட்டாள்.

மஸீஹா ஹாஜியாரின் ஒரே மகள். ஒரு முற்பகலில் தகப்பனுக்குத் தெரியாமல் படியேறி வந்து, அறை நடுவில் நின்று எல்லாப் பக்கமும் பார்த்தாள்.

"நீங்கதான் நோபர்ட்டா? உம்மாவப் பாக்க வந்தேன்." சொன்னதும் அவளுக்கே கூசியது போலிருந்தது. "வாப்பா அப்பிடித்தான் செல்றாரு."

நோபர்ட் நுணுக்குக்காட்டியில் குடுவையை வைத்துக் கொடுத்தான். மஸீஹா முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

"இந்த நடுவுல ஈக்கிற வெறும் கோடு என்ன?"

பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "நான் கிழிச்சதுங்க அக்கா. ஆறுதான்னு பார்க்கிறதுக்கு."

அவள் நிமிர்ந்தாள். "உம்மாட காலுல ஈந்த புண்ண மூட ஏலாம நாங்க அழுதோம். நீங்க புதுசு புதுசாப் போடுறீங்க."

கோபத்தோடு பேசத் தொடங்கியவள், பேசப்பேசத் தளர்ந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கனவு வருகிறது. கனவில் உம்மா வீட்டு வாசலில் நிற்கிறா. உள்ளே வாங்க என்றால் வருவதில்லை. போங்க என்றால் போவதுமில்லை. "என்னய இன்னும் கேள்விக்குக் கூப்பிடல்ல மகள். எல்லாரையும் கூப்பிட்டாச்சு" என்கிறா. கபுறில் வைத்ததும் வானவர்களான மலக்குகள் வந்து கேட்கும் கேள்வியைத்தான் சொல்கிறா என்பது அவளுக்குத் தூக்கத்திலேயே தெரிகிறதாம்.

"உம்மாவ அரவாசி மண்ணுல வச்சிட்டு அரவாசிய இங்க வச்சீக்கிறோம். அதுதான் அவ வாசல்ல நிக்கிறா. மவ்லவிகிட்டக் கேட்டேன். உசிர் போன சதைன்னா கொண்டுவந்து அடக்குங்க, உசிருள்ளதப் புதைக்கிறது ஹராம், இது எதுன்னு எனக்குத் தெரியாது, அந்தப் புள்ளகிட்டயே கேளுங்கன்னு செல்லிட்டாரு." அவள் எழுந்து நின்றாள். "செல்லுங்க தம்பி. இது உசிரா, மவுத்தா? நீங்க ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். மவுத்துன்னா இங்க ஈக்கிற எல்லாத்தையும் எடுத்திட்டுப் போய் அடக்கிருவோம்."

"வியாழக்கிழமை ஹாஜியார் வருவாரு. நீங்களும் வாங்க. அன்னைக்குச் சொல்றேன்."

அவள் போன பிறகு நோபர்ட் யோசித்தான். உண்மை என்னவென்று அவனுக்குத் தெரியும். கலங்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அதைச் சொன்னால் எதையும் புதைக்க முடியாது. ஹாஜியாரின் உதவி தொடரும், குப்பிகள் மிஞ்சும், ஆராய்ச்சிப் பட்டமும் கிடைக்கும். மஸீஹாவின் உம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். அவனைக் குடைந்தது அதுதான். உண்மை இப்படி அவனுக்கு வாய்ப்பாகவே வந்து நின்றதால், அது உண்மைதானா, தன் ஆசை போட்டுக்கொண்ட வேடமா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. பொய் சொன்னால் நட்டம் அவனுக்கு, நிம்மதி அவர்களுக்கு. அப்படியென்றால் பொய்தான் யோக்கியமானதா?

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனான். நவம்பர் மாதம், கோயிலில் மரித்த ஆத்துமாக்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப் பெயர் கேட்கும் காலம். அம்மா சவரியம்மா தன் தகப்பன் பெயரையும் புருசன் பெயரையும் கொடுத்திருந்தாள். ஒஸ்வல்ட்டின் பெயரை எப்போதும்போல் கொடுக்கவில்லை. ஒஸ்வல்ட் நோபர்ட்டின் அண்ணன். எண்பத்தொன்பதில், கிளர்ச்சிக்காரர்கள் என்று பிடித்தவர்களை வீதியோரங்களில் டயர் போட்டு எரித்த அந்த நாட்களில், மரக்கறி லொறியில் கலேவெலப் பக்கம் போனவன். லொறி மட்டும் திரும்பி வந்தது.

"ஏம்மா, ஒரு ஆளு வந்து, செத்துட்டான்னு நிச்சயமாச் சொல்லியிருந்தா உனக்கு நல்லா இருந்திருக்குமா?"

சவரியம்மா சுளகிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒருத்தன் வந்தான்ல. அந்தப் பெரிய கங்காணி மகன். 'நம்பிக்கைய விட்டுருங்கக்கா, அவன் இல்ல'ன்னான். நீ சின்னப் புள்ள. விளக்குமாத்தால வெரட்டினேன்."

"அவரு உன் நல்லதுக்குத்தானே சொல்லியிருப்பாரு?"

"ஆமா. எனக்காகப் பாவப்பட்டுச் சொன்னான். அவன் கண்ணால பார்க்கல்ல, காதால கேக்கல்ல. நான் தூங்கணும்னு எம் மகனச் சாகடிக்கப் பார்த்தான்." அரிசியில் கிடந்த கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "தூங்காமக் கெடந்தாக் கெடந்துட்டுப் போறேன். எனக்குப் பொய்யி வேணாம்."

வியாழக்கிழமை தகப்பனும் மகளும் சேர்ந்து வந்தார்கள். ஹாஜியாருக்கு மஸீஹா எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அவர் "எப்பிடி ஈக்கா" என்று கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கைத்தடியின் மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டு நோபர்ட்டின் முகத்தைப் பார்த்தார்.

"ஹாஜியார், மொதல்ல ஒண்ணு சொல்லிருறேன். இதுக்கு உசுரு இருக்குன்னு சொன்னா எனக்குத்தான் லாபம். அத மனசுல வச்சிக்கிட்டு நான் சொல்றதக் கேளுங்க."

ஹாஜியாரின் தாடிக்குள் லேசாகச் சிரிப்பு வந்தது. "வியாபாரிகிட்ட லாபத்தப் பத்திச் செல்றீங்க. லாபம் ஈக்கிறவனும் சில நேரம் உண்ம பேசுவான் மகன். நானே பேசீக்கிறேன். செல்லுங்க."

"உசுரு இருக்கு. ஆனா இனிமே வளராது. காயம் ஆறாது. சாப்பாடு குடுத்தாலும் முந்தி மாதிரி சாப்பிடாது." குடுவையை எடுத்துக் காட்டினான். திரவம் ஊற்றியபோது இருந்த அதே சிவப்பில் இருந்தது. "போன ஒண்ணு ரெண்டு கிழமையா நான் சரியாச் சொல்லல்ல. விளக்குக்குக் கிட்டப் புடிச்சாக் கொஞ்சம் மஞ்சளாத் தெரியும். அப்பிடிக் காட்டினேன்."

"சாகாதா?"

"இப்பிடியே வச்சிருந்தா மாசக்கணக்கா இருக்கும். வளரவும் வளராது, போகவும் போகாது."

மஸீஹா வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாஜியார் கண்களை மூடியிருந்தார். கீழே கடையில் யாரோ மூட்டையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"மகள், இதுக்குப் பேரு ஈக்கி" என்றார் கடைசியில். "இது ஸக்கராத்து. உசிர் தொண்டையில நிக்கிற நேரம். இவ்வளவு நாளா அவ அதுலதான் ஈந்தீக்கா. நான் ஒவ்வொரு கிழமையும் வந்து, சாப்பிட்டாளா, சாப்பிட்டாளான்னு கேட்டுட்டுப் போயீக்கிறேன்."

"வாப்பா..."

"நீ கிட்ட ஈந்தாய். கலிமா செல்லிக் குடுத்தாய், வாயில தண்ணி விட்டாய். நான் பல்லேகமையில மிளகு நிறுத்துட்டு வாற வழியில ரோட்ட மூடிட்டாங்க. ஆமிக்காரன்ட கையப் புடிச்சுக் கெஞ்சினேன். வந்து சேரக்குள்ள முகத்தக் கட்டியாச்சு." அவர் மகளிடம் கை நீட்டினார். "கீழ மேசையில ஸம்ஸம் போத்தல் ஈக்கி. எடுத்திட்டு வா."

மஸீஹா போய் எடுத்து வந்தாள். ஹாஜியார் போத்தலை வாங்கி நோபர்ட்டிடம் காட்டினார். "இத நான் குடுக்கலாமா மகன்?"

மக்காவிலிருந்து வரும் புனிதத் தண்ணீர், சாகிற நேரத்தில் வாயில் விடுவது. குடுவைக்குள் அது என்ன செய்யும் என்பது நோபர்ட்டுக்குத் தெரியும். திரவத்தில் இருக்கும் உப்பு கலங்களுக்குள் இருக்கும் உப்புக்கு இணையானது. அதனால்தான் அவை நிற்கின்றன. திரவத்தை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் விட்டால் தண்ணீர் உள்ளே பாயும். கலங்கள் வீங்கி வெடிக்கும்.

அதை அவன் சொன்னான். மறைக்காமல், மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னான். "இத உள்ள விட்டா முடிஞ்சிரும் ஹாஜியார். நான் கொல்லல்ல, தண்ணிதான் கொன்னுச்சுன்னு பிறகு நான் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. தெரிஞ்சு செய்யிறதா இருந்தாச் செய்ங்க."

ஹாஜியார் தலையை ஆட்டினார். "போறவங்களுக்குத்தான் இந்தத் தண்ணி குடுக்கிறது. நான் மண்ணுல போட்டு மூடல்ல. பக்கத்துல ஈந்து அனுப்புறேன். இதுக்குக் கேள்வி ஈந்தா என்கிட்டக் கேக்கட்டும்."

நோபர்ட் இருந்த குடுவைகளையெல்லாம் எடுத்து வைத்து, திரவத்தை உறிஞ்சி எடுத்தான். ஹாஜியார் போத்தலின் மூடியைத் திறந்தார். மஸீஹா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் குடுவையின் வாய்க்கு அருகே குனிந்து, காதில் சொல்வதுபோலக் கலிமாவைச் சொன்னார். பிறகு தண்ணீரை விட்டார். ஒவ்வொரு குடுவைக்கும் அப்படியே செய்தார்.

நோபர்ட் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தான். பரந்து தட்டையாகக் கிடந்த கலங்கள் மெல்ல உருண்டன. மங்கலாகக் கிடந்தவை ஒளி பெற்றன. ஒரு கணம் அவை முதல் மாதங்களில் இருந்ததுபோல், துளித் துளியாக, இளமையாகத் தெரிந்தன. பிறகு ஒவ்வொன்றாக ஓரம் கிழிந்து வெறும் நிழலாகின.

"போயிட்டாங்க" என்றான்.

"இன்னாலில்லாஹி..." என்று மஸீஹா தொடங்கினாள். வெள்ளைத் துணியில் குடுவைகளைச் சுற்றினாள். அழவில்லை. முகம் தெளிந்திருந்தது. துணிப்பொதியை மார்போடு அணைத்தபடி, "வாப்பா, நான் காருல ஈக்கிறேன், வாங்க" என்று படியிறங்கினாள்.

ஹாஜியார் கைத்தடியை ஊன்றி எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டவர் திரும்பினார்.

"இவ்வளவுதானா மகன்? வேற ஒண்டுமில்லையே?"

மூலையில் நைதரசன் கலன் நின்றது. அதன் மூடியோரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆமாம், இவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். தகப்பனுக்கும் மகளுக்கும் அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

"இருக்கு ஹாஜியார். ரெண்டு குப்பி உறைய வச்சிருக்கேன். அவங்க இருக்கும்போது எடுத்தது. வெளியில எடுத்துச் சூடாக்கினா மறுபடி வளரும்."

ஹாஜியாருக்கு அது விளங்க நேரம் எடுத்தது. விளங்கியபோது அவர் கலனைப் பார்த்த பார்வையில் ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று நோபர்ட்டால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"முந்தி மாதிரியா?"

"முந்தி மாதிரியே. இளசா."

கீழே கார் ஹோர்ன் மெதுவாக ஒலித்தது.

"இத நீங்க எனக்குச் செல்லாமலே ஈந்திருக்கலாம் மகன்."

"கேட்டீங்களே ஹாஜியார்."

"ஓம். கேட்டேன்." கைத்தடியால் வாசல் பலகையைத் தேய்த்தபடி நின்றார். "வேற ஆருக்காச்சும் ஆறட்டும்னு கையெழுத்துப் போட்டவ அவ. அது அவட வாக்கு. அத முறிக்க எனக்கு ஏலாது. வேலைய முடிங்க. காசு வரும். முடிஞ்ச நாள் மட்டும் எனக்கு ஆளனுப்புங்க. தண்ணி எடுத்திட்டு வாறன். மஸீஹாவுக்குச் செல்ல வேணாம். அந்தப் புள்ள நிம்மதியாத் தூங்கட்டும்."

அடுத்த கிழமை டொறீன் பார்த்திருக்க, நோபர்ட் முதல் குப்பியை வெளியே எடுத்தான். விரல்களில் குளிர் எரிந்தது. இளஞ்சூட்டு நீரில் அதை ஆட்டி, பனி கரைந்ததும் புதுக் குடுவையில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தான். மறுநாள் காலையில் கலங்கள் அடியில் ஒட்டி, மெலிந்து நீண்டு, மீன்குஞ்சுகளைப் போலத் திசை பார்த்துக் கிடந்தன. சில நாளில் குடுவை நிறைந்தது. திரவம் ஒரே இரவில் மஞ்சளானது. கோடு கிழித்தால் மறுநாளே மூடிக்கொண்டது. இவை அந்தப் பெண் உயிரோடு இருந்த நாட்களில் உறைந்தவை. கால் புண் ஆறவில்லை என்பதோ, கபுறில் செடி தழைத்துவிட்டது என்பதோ, கணவன் வந்து கலிமா சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார் என்பதோ இவற்றுக்குத் தெரியாது. இவற்றுக்குத் தெரிந்தது பசி ஒன்றுதான். நோபர்ட் ஊட்டினான், ஒவ்வொரு தடவையும் நேரத்தை எழுதி வைத்தான்.

"அழகா வருதுப்பா. இப்பதான் நீ ஆராய்ச்சிக்காரன்" என்று டொறீன் முதுகில் தட்டினார். அவன் சிரித்தான். பெட்டியைத் திறக்குமுன் கதவைத் தட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை.

வியாழக்கிழமை மஃரிபுக்குப் பிறகு கீழே கைத்தடிச் சத்தம் கேட்டது. கடையைக் கடந்து வந்து, படியடியில் நின்றது. நோபர்ட் கையில் பிடித்த குடுவையோடு காத்திருந்தான். மேலே யாரும் வரவில்லை.

"நோபர்ட் மகன்."

"சொல்லுங்க ஹாஜியார்."

குடுவை அவன் உள்ளங்கையில் உடம்புச் சூட்டோடு இருந்தது.

"வேல முடிஞ்சிட்டா?"

"இன்னும் இல்ல ஹாஜியார்."

"அவசரமில்ல" என்றது குரல். "அவசரமேயில்ல மகன்."